சாபம் தீர்ந்த பின் வந்த தோல்வி: மேயோ மாவட்டமும் 2025ஆம் ஆண்டின் கேலிக் கால்பந்துப் பருவமும்

ஒரு விளையாட்டு அணிக்கும் அதன் ஆதரவாளர்களுக்கும் இடையே உள்ள உறவு எத்தன்மையது என்பதை வெற்றி விழாவைவிடத் தோல்விக்குப் பிந்தைய பேச்சே துலக்கமாகக் காட்டுகிறது. தோற்ற அணியைப் பற்றி யார், எங்கே, எந்தச் சொற்களால், எத்தனை காலம் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தால், அந்த அணி அவர்களுக்குப் பொழுதுபோக்கா, உடைமையா, உறவா என்பது விளங்கிவிடும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள மேயோ மாவட்டத்தின் கேலிக் கால்பந்து அணி 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் அடைந்த தோல்வியும், அதை ஒட்டி அம்மாவட்டத்து மக்கள் போட்டுப் பார்த்த மனக்கணக்கும் இவ்வகையில் ஆராயத் தக்கவை. மேயோவுக்குத் தோல்வி புதிதன்று. ஆனால் 2025இன் தோல்வி, அம்மக்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகியிருந்த தோல்விகளிலிருந்து தன்மையில் வேறுபட்டது என்பதும், அதைத் தாங்கிக்கொள்ள உதவும் கதை எதுவும் அவர்கள் கையில் எஞ்சியிருக்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கேலிக் கால்பந்து அயர்லாந்துக்கே உரிய ஆட்டம். பக்கத்துக்கு 15 பேர் ஆடும் இதில் பந்தைக் கையால் பிடிக்கவும் காலால் உதைக்கவும் செய்யலாம். ஆனால் கையில் வைத்தபடி நான்கு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது என்பதால், ஆட்டக்காரர் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி எடுத்தோ, தன் காலில் போட்டு மீண்டும் கைக்கே எழும்படி உதைத்தோதான் முன்னேற வேண்டும். ஆங்கில எழுத்து 'எச்' போல நிற்கும் கம்பங்களில், குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் புகும் பந்து கோல் எனப்படுகிறது. அதற்கு மூன்று புள்ளிகள். குறுக்குக் கம்பத்துக்கு மேலே செல்லும் பந்துக்கு ஒரு புள்ளி. எனவே ஆட்டக் கணக்கை எழுதும்போது கோல்களையும் புள்ளிகளையும் தனித்தனியே குறிப்பர்: 2-9 என்றால் இரண்டு கோல், ஒன்பது புள்ளி, ஆக மொத்தம் 15. 2025ஆம் ஆண்டு முதல், கோலிலிருந்து 40 மீட்டர் தொலைவில் வரைந்த வளைகோட்டுக்கு வெளியே நின்று பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் இரண்டு புள்ளிகள் என்ற புதிய விதி சேர்ந்தது. டப்ளின் அணியின் முன்னாள் மேலாளர் ஜிம் கேவின் தலைமையில் அமைந்த சீரமைப்புக் குழு பரிந்துரைத்த இவ்விதி, மற்ற சில மாற்றங்களோடு சேர்ந்து, ஆட்டத்தின் நடையையே மாற்றியது.

ஆட்டத்தைவிட அதன் அமைப்புதான் இங்கே முக்கியம். 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் நகரின் ஒரு விடுதியில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுக் கழகம், கத்தோலிக்கத் திருச்சபையின் மிகச் சிறிய அலகான பங்கையே தன் அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது. பங்குக்கு ஒரு கழகம், கழகங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டு மாவட்டத்துக்கு ஓர் அணி, மாவட்ட அணிகளிடையே அகில அயர்லாந்துப் போட்டி, அதில் வெல்லும் அணிக்கு 1928 முதல் சாம் மெக்வயர் கோப்பை என்பது இதன் படிநிலை. இங்கே மாவட்டம் என்பது கவுண்டி எனப்படும் பழைய நிர்வாகப் பிரிவு. தீவு முழுவதற்கும் 32 கவுண்டிகள். ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் கிடையாது. ஆசிரியர், காவலர், வங்கி ஊழியர், விவசாயி, மாணவர் எனப் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், மாலையில் பயிற்சிக்கு வந்து, கோடையில் 82,000 பேர் அமரக்கூடிய டப்ளின் க்ரோக் பார்க் அரங்கில் ஆடிவிட்டு, மறுநாள் வேலைக்குத் திரும்புகிறார்கள். ஓர் அணிக்கு முன்னாட்டக்காரர் குறைவு என்றால் அடுத்த மாவட்டத்திலிருந்து விலை பேசி ஒருவரைக் கொண்டுவர வழியில்லை; அந்த மண்ணில் பிறந்தவர்களைக் கொண்டே ஒப்பேற்ற வேண்டும்.

இந்தப் பற்று அரசின் எல்லைக்கோட்டையும் மீறியது என்பதற்குப் பாலஹடரீன் என்ற சிற்றூர் சான்று. 1898ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தை ஒட்டி இவ்வூர் மேயோவிலிருந்து ரோஸ்காமன் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. வரியும் வாக்கும் அங்கே போயின. ஆனால் ஊரின் கால்பந்துக் கழகம் இன்றுவரை மேயோவிலேயே ஆடிவருகிறது. இவ்வூர் கட்டுரையின் இறுதியில் மீண்டும் வரும்.

மேயோ மக்கள் தம் அணியைப் பற்றி இத்தனை உணர்ச்சியோடு பேசுவதற்கு விளையாட்டுக்கு வெளியிலும் காரணம் உண்டு. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3,88,887 பேர் வாழ்ந்த இம்மாவட்டத்தில், 2022இல் ஏறக்குறைய 1,38,000 பேரே இருந்தனர். இடையில் உருளைக்கிழங்குப் பஞ்சம், குத்தகை வெளியேற்றம், நூறாண்டுக்கு மேல் நீண்ட புலம்பெயர்வு ஆகியவை வந்துபோயின. எந்த ஊர் என்று கேட்டால், "மேயோ, கடவுள்தான் எங்களைக் காக்க வேண்டும்" என்று விடை சொல்லும் பழக்கம் அக்காலத்திலிருந்தே வழங்கி வருவதாகக் கூறுவர். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனவர்களின் அணிகள் இன்றும் மேயோ அடங்கிய கானாக்ட் மாகாணப் போட்டியில் கலந்துகொள்கின்றன என்பது, மண்ணை விட்டுப் போனவர்களையும் கணக்கில் வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு. வறுமையாலும் பிரிவாலும் மட்டுமே வெளியுலகுக்குத் தெரிந்திருந்த ஒரு நிலப்பகுதிக்கு, ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதன் முன்னிலையில் நிமிர்ந்து நிற்க வாய்த்த இடம் கால்பந்து மைதானம். பச்சையும் சிவப்புமான கொடி கோடைதோறும் வேலிகளிலும் பண்ணை வாயில்களிலும் ஏறுவதும், பிளாஸ்டிக் சுற்றிய தீவன உருளைகளில் 'சாம் மேயோவுக்கே' என்று பெயிண்டால் எழுதப்படுவதும், ஆட்டு மந்தையில் ஒன்றிரண்டு ஆடுகள் பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசி நிற்பதும் இந்தப் பின்னணியில்தான் பொருள் பெறுகின்றன.

மேயோ மூன்று முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றிருக்கிறது: 1936, 1950, 1951. அதன் பின் இறுதிப் போட்டியை எட்டவே 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஆண்டிலிருந்து 2021 வரை பதினொரு இறுதிப் போட்டிகளில் ஆடி, பதினொன்றிலும் தோற்றது. கார்க், மீத், டொனகால், டைரோன் அணிகளிடம் தலா ஒரு முறையும், கெர்ரியிடம் மூன்று முறையும், டப்ளினிடம் நான்கு முறையும் தோற்றது. 2013, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டப்ளின் வென்றது ஒரே ஒரு புள்ளியில்.

2016ஆம் ஆண்டை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். செப்டம்பரில் நடந்த முதல் ஆட்டம் டப்ளின் 2-9, மேயோ 0-15 எனச் சமனில் முடிந்தது. டப்ளினின் அந்த இரண்டு கோல்களையும் போட்டது மேயோவின் சொந்த ஆட்டக்காரர்கள். மழையில் வழுக்கிய பந்து, காக்க வந்தவர்களின் உடலில் பட்டே வலைக்குள் போயிற்று. இறுதிப் போட்டி ஒன்றில் ஓர் அணி இரண்டு சேம்சைடு கோல் போட்டும் தோற்காமல் மீண்டது அதன் வலிமைக்குச் சான்று. ஆனால் அந்த இரண்டில் ஒன்று நிகழாமல் இருந்திருந்தால் 65 ஆண்டுக் காத்திருப்பு அன்றே முடிந்திருக்கும் என்ற கணக்கு எந்த மேயோக்காரருக்கும் தெரியாமல் இல்லை. மறு ஆட்டத்தில் டப்ளின் 1-15, மேயோ 1-14. அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியில் ஆட்டம் சமனாக இருந்த கடைசி நேரத்தில் மேயோவின் கிலியன் ஓ'கானர் அடித்த ஃப்ரீ கிக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பின்னர் டப்ளினின் டீன் ராக் ஃப்ரீ கிக் எடுக்க ஓடிவந்தபோது, மேயோவின் லீ கீகன் தன் சட்டைக்குள் இருந்த ஓட்டக்கணிப்புக் கருவியைப் பிடுங்கி அவர் முன்னே எறிந்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. விதிப்படி தவறான அந்தச் செயலை ஆதரவாளர்கள் நெடுநாள் பேசினார்கள். பெரும்பாலும் கண்டிப்பதற்காக அல்ல, தம்முள் எவரும் அந்த நொடியில் கைக்கு அகப்பட்டதை எறிந்திருப்பார் என்று ஒப்புக்கொள்வதற்காக.

உளவியல் ஆய்வுகள் தோல்வியைப் பற்றிச் சொல்வனவற்றை இங்கே பொருத்திப் பார்ப்பது பயன் தரும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடனாய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, ஏழு பல்கலைக்கழகங்களின் மாணவர்களைக் கவனித்து, தம் அணி வென்ற வாரத்துத் திங்கட்கிழமையில் அவர்கள் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடைகளைக் கூடுதலாக அணிவதைக் கண்டது. வெற்றியைச் சொல்லும்போது 'நாங்கள்' என்ற சொல்லும், தோல்வியைச் சொல்லும்போது 'அவர்கள்' என்ற சொல்லும் மிகுவதையும் பதிவு செய்தது. பிறர் பெற்ற ஒளியில் குளிர் காய்வது என்று இதைச் சொல்லலாம். தோற்றவர்களிடமிருந்து விலகி நின்று தன்மானத்தைக் காத்துக்கொள்ளும் போக்கை 1986இல் ஸ்னைடர் முதலியோர் ஆராய்ந்தனர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் ஆகியோர் 1995இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வெள்ளிப் பதக்கம் பெற்றவர்களைவிட வெண்கலம் பெற்றவர்கள் மகிழ்ச்சியாகத் தோன்றியதைக் காட்டிற்று; மயிரிழையில் தவறியது மனத்தில் 'இப்படி நடந்திருந்தால்' என்ற மாற்றுக் காட்சியை ஓயாமல் ஓட்டுகிறது என்பது அதன் விளக்கம்.

கடைசி ஆய்வு மேயோவுக்கு அப்படியே பொருந்துகிறது; முதல் இரண்டும் பொருந்தவில்லை. மேயோ ஆதரவாளர் தோல்வியில் 'அவர்கள்' என்று விலகிக்கொள்ள இடமே இல்லை, ஏனெனில் விலகுவதற்கு வேண்டிய தூரம் அங்கே கிடையாது. பந்தைக் கைநழுவ விட்டவர் மகளின் வகுப்பாசிரியராக இருப்பார். ஃப்ரீ கிக்கைத் தவறவிட்டவரின் தாயார் ஞாயிறு திருப்பலியில் இரண்டு வரிசை முன்னால் அமர்ந்திருப்பார். தொழில்முறைக் கழகத்தின் ரசிகர், கொடுத்த கட்டணத்துக்குப் பண்டம் சரியில்லை என்று சினக்கும் வாடிக்கையாளரின் இடத்திலிருந்து பேச முடியும். ஊதியம் பெறாத பக்கத்து வீட்டுப் பையனிடம் அந்த உரிமையோடு யாரும் பேச முடியாது. 2016இல் சேம்சைடு கோல் போட நேர்ந்த கெவின் மக்லாக்லினும் காம் பாயிலும் அதன் பிறகும் பல ஆண்டுகள் மேயோவுக்கு ஆடினார்கள், மாவட்டத்தின் பாசத்துக்கு உரியவர்களாகவே ஓய்வு பெற்றார்கள் என்பதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

குற்றம் சுமத்த ஆள் இல்லாதபோது குற்றத்தைச் சுமக்க ஏதேனும் ஒன்று தேவைப்படுகிறது. மேயோவில் அந்தத் தேவையை ஒரு சாபக் கதை நிறைவேற்றியது. 1951இல் கோப்பையோடு ஊர் திரும்பிய ஆட்டக்காரர்கள் ஃபாக்ஸ்ஃபோர்ட் என்ற சிற்றூரின் வழியே ஆரவாரமாக வந்தபோது, அங்கே நடந்துகொண்டிருந்த சவ அடக்கத்துக்கு மரியாதை செய்யாமல் கடந்துபோனார்கள் என்றும், சினந்த பங்குத்தந்தை, அந்த அணியில் ஒருவராவது உயிரோடு இருக்கும்வரை மேயோ மீண்டும் வெல்லாது என்று சபித்தார் என்றும் அக்கதை கூறுகிறது. இது நிகழ்ந்ததற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. 2001, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் மேயோ தேசிய லீக் பட்டத்தை வென்றது. 2013இல் 18 வயதுக்குட்பட்டோர் பட்டத்தையும், 2016இல் 21 வயதுக்குட்பட்டோர் பட்டத்தையும் வென்றது. ஒரே ஒரு கோப்பையை மட்டும் குறிவைத்த சாபம் என்று சொன்னால்தான் கதை நிற்கும்.

ஆயினும் கதை பொய் என்று தள்ளிவிடுவதோடு ஆய்வாளரின் கடமை முடிந்துவிடாது. அது என்ன வேலை செய்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒரு புள்ளியில் தோற்ற மூன்று இறுதிகளுக்கும் மூன்று தனிமனிதர்களைப் பொறுப்பாக்காமல், பழியை அத்தனை பேரின் தலைக்கும் மேலே, எவரும் பதில் சொல்ல வேண்டாத ஓர் இடத்தில் ஏற்றி வைத்தது அக்கதை. மேயோவில் அதை உண்மையாகவே நம்பியவர்கள் சிலராகவே இருக்கக்கூடும்; ஆனால் எல்லோரும் அதைச் சொன்னார்கள். உறவினர்களுக்குள் ஒருவர்மீது ஒருவர் குறை சொல்லாமல் துக்கத்தைப் பகிர்ந்துகொள்வதற்கு அது வழி செய்தது. தமிழ்ச் சமூகத்தில் ஒரு வீட்டில் அடுத்தடுத்து இழப்பு நேர்ந்தால் 'கண்ணேறு பட்டுவிட்டது' என்று சொல்லி, யாரையும் நேராகக் குற்றம் சாட்டாமல் அந்த வீட்டார் ஒன்றாக இருப்பதற்கு இடம் கொடுப்பதை ஒத்த ஏற்பாடு இது.

2021 ஆகஸ்டில், தொடர்ந்து ஆறு பட்டங்களை வென்றிருந்த டப்ளினை மேயோ அரையிறுதியின் கூடுதல் நேரத்தில் 0-17, 0-14 என வீழ்த்தியது. செப்டம்பர் 11 அன்று டைரோனிடம் 2-14, 0-15 என இறுதியில் தோற்றது. இரு வாரங்களுக்குப் பின், 1951 அணியில் எஞ்சியிருந்த கடைசி மனிதரான பேடி ப்ரெண்டர்காஸ்ட் தம் 95ஆம் வயதில் காலமானார். மாவட்டம் அவருக்கு உரிய மரியாதையோடு விடை கொடுத்தது. கதையின் சொந்தக் கணக்குப்படியே சாபம் அன்றோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த தோல்விகளுக்கு மனிதர்களும் முடிவுகளும் மட்டுமே காரணமாக முடியும்.

2025ஆம் ஆண்டுப் பருவம் நல்ல அறிகுறிகளோடுதான் தொடங்கிற்று. பாலினா நகரத்தவரும், 1980களில் மேயோவுக்கு ஆடியவருமான கெவின் மக்ஸ்டே மேலாளராக மூன்றாம் ஆண்டை நடத்திக்கொண்டிருந்தார். கேலிக் ஆட்டத்தில் மேலாளர் என்பவர் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவர், பயிற்சியை வகுப்பவர், ஆட்ட நாளில் முடிவெடுப்பவர் ஆகிய மூவரும் ஒருவராகச் சேர்ந்தவர். அணி தேசிய லீக்கின் முதல் பிரிவில் இறுதியை எட்டி, மார்ச் மாத இறுதியில் கெர்ரியிடம் தோற்றது. பின்னர் கானாக்ட் மாகாணப் போட்டியில் ஸ்லைகோவையும் லீட்ரிமையும் கடந்து, மே 4 அன்று காசில்பார் நகரின் மக்ஹேல் பார்க்கில், சொந்த மண்ணில், கால்வேயிடம் இரண்டு புள்ளிகளில் தோற்றது. கால்வேக்கு அது தொடர்ந்து நான்காவது மாகாணப் பட்டம். தோல்விதான் என்றாலும் அதில் நம்பிக்கை கொள்ள இடம் இருந்தது.

அதன் பின் தொடங்கிய குழுச் சுற்றே பருவத்தின் கதையை முடித்தது. பதினாறு அணிகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு மூன்று அணிகளை மேலே அனுப்பும் முறை அப்போது நடப்பில் இருந்தது; அதாவது நான்கில் ஒன்று மட்டுமே வெளியேறும். இத்தனை தாராளமான வடிகட்டியில் மேயோ தங்கிவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் ஆட்டத்தில், மீண்டும் மக்ஹேல் பார்க்கில், இரண்டாம் தர அணியாகவே கருதப்பட்ட கேவன் 1-17, 1-14 என மேயோவை வென்றது. அதை அடுத்து மக்ஸ்டே உடல்நலக் காரணத்தால் தற்காலிகமாக விலகியிருக்க, அவருடைய குழுவில் இருந்தவரும் முன்பு 2016, 2017 இறுதிகளில் மேயோவின் மேலாளராக இருந்தவருமான ஸ்டீபன் ராச்ஃபோர்ட் பொறுப்பேற்றார். அணி டைரோனின் சொந்த மைதானம் இருக்கும் ஓமாவுக்குப் போய் அங்கே வென்றது. மாவட்டம் மூச்சு விட்டது. ஜூன் நடுவில் ரோஸ்காமன் நகரின் ஹைட் பார்க்கில் டொனகாலோடு கடைசிக் குழு ஆட்டம். சமன் செய்தாலே போதும், மேயோ அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். ஆட்டம் முடியும் தறுவாயில் இரு அணிகளும் சமனாக இருந்த நிலையில், டொனகாலின் கியரன் மோர் ஒரு புள்ளியை எடுத்தார். டொனகால் 0-19, மேயோ 1-15.

புள்ளிப் பட்டியலில் கேவனும் மேயோவும் சமமாக நின்றன. இரண்டும் மோதிய ஆட்டத்தில் வென்றது கேவன் என்பதால் அதுவே மேலே போயிற்று. ஆகவே மேயோவை வெளியேற்றியது எந்த ஆட்டம் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு; அந்தக் கோடை முழுவதும் மாவட்டத்தில் நடந்த பேச்சு இந்த இரண்டு விடைகளுக்கும் இடையில்தான் ஊசலாடிற்று. ஹைட் பார்க்கின் கடைசி நிமிடத்தைப் பிடித்துக்கொண்டவர்கள், பந்தைத் தம்மிடமே வைத்திருந்திருக்கலாம், எதிராளியை முன்கூட்டியே தடுத்திருக்கலாம் என்று அந்த ஒற்றை நகர்வைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தனர். இது பழைய மேயோவின் துக்கம்: ஒரு புள்ளி, ஒரு நொடி, கைக்கெட்டியது வாய்க்கெட்டாத வருத்தம். கேவன் ஆட்டத்தைச் சுட்டியவர்களின் பேச்சு வேறு. சொந்த மைதானத்தில், சொந்தக் கூட்டத்தின் முன், வென்றே ஆக வேண்டிய ஆட்டத்தில் அணி உயிரில்லாமல் ஆடியது ஏன் என்பது அவர்கள் கேள்வி. இக்கேள்வியில் மாற்றுக் காட்சிக்கு இடமில்லை. கம்பத்தில் பட்ட பந்து இல்லை. எறிந்த கருவி இல்லை. கடுமையான கேள்வி இதுவே, சரியான கேள்வியும் இதுவே என்பதில் ஐயமில்லை. கடைசி நிமிடத்தில் உயிர் ஊசலாடும் நிலைக்கு அணியைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்த மே மாதத்துத் தோல்விதான்.

முந்தைய தோல்விகளோடு ஒப்பிட்டால் இதன் தன்மை வேறுபடுவதை உணரலாம். இறுதிப் போட்டியில் தோற்பது துயரம் என்றாலும் அதில் பெருமையும் கலந்திருந்தது. நாடு முழுவதும் மேயோவுக்காக இரங்கியது. க்ரோக் பார்க்குக்குப் போன பயணம், வழியெங்கும் பறந்த கொடிகள், வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் என ஒரு கோடைக்கால நினைவு எஞ்சியது. 2025இல் ஜூன் மாதம் முடிவதற்குள்ளேயே கொடிகளைக் கழற்றி மடித்து வைக்க வேண்டியதாயிற்று. இரக்கப்படவும் யாரும் இல்லை, ஏனெனில் குழுச் சுற்றில் வெளியேறும் அணிக்காக நாடு இரங்குவதில்லை. மேயோவை வெளியேற்றிய டொனகால் அதே ஆண்டின் இறுதிப் போட்டி வரை சென்று கெர்ரியிடம் தோற்றது என்பதைச் சிலர் ஆறுதலாகக் கொண்டனர். அந்த ஆறுதல் நெடுநாள் நிற்கவில்லை.

ஆட்டக்காரர்களை மாற்ற இயலாத அமைப்பில் மாற்றக்கூடியவர் மேலாளர் ஒருவரே. அந்த ஜூன் மாதத்திலேயே, ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு எஞ்சியிருந்த நிலையில், மாவட்ட வாரியம் மக்ஸ்டேயையும் அவர் குழுவினரையும் பொறுப்பிலிருந்து விடுவித்தது. மேயோவில் இது முதன்முறையன்று. 2015இல் அரையிறுதி வரை சென்ற பருவத்துக்குப் பின்பும் ஆட்டக்காரர்களே நம்பிக்கையின்மை தெரிவித்து அன்றைய இரு மேலாளர்களும் விலக நேர்ந்தது. ஆனால் 2025இல் ஆதரவாளர்கள் இம்முடிவைப் பேசிய முறை கவனத்துக்குரியது. மேலாளர் மாற வேண்டும் என்று கருதியவர்களிலேயே பலர், உடல்நலம் குன்றி மீண்டுவந்த ஒரு மனிதரை, அதுவும் வாழ்நாள் முழுதும் மாவட்டத்துக்கு உழைத்தவரை, சில வரி அறிவிப்போடு அனுப்பியது முறையன்று என்று வருந்தினர். தொழில்முறை விளையாட்டில் அன்றாடம் நிகழும் ஒன்று இங்கே மனத்தைப் புண்படுத்தியதற்குக் காரணம், மக்ஸ்டே பணியாளர் அல்லர், ஊர்க்காரர் என்பதே. முடிவு சரியாக இருக்கலாம், செய்த விதம் சரியில்லை என்ற இந்த வேறுபாட்டைக் காத்துக்கொண்டது மேயோ ஆதரவாளர்களின் பக்குவத்தைக் காட்டுகிறது.

புதிய விதிகளைப் பற்றிய விவாதம் மற்றொரு முனை. நீண்ட தொலைவிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி என்றானபின், வலிய உதையாட்டக்காரர்களைக் கொண்ட அணிகளுக்கு ஆட்டம் சாதகமாகத் திரும்பியது. கோல்காப்பாளர் ஆட்டத்தைத் தொடங்கும் உதை 40 மீட்டர் வளைகோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதியால், மைதானத்தின் நடுவில் உயர்ந்து பந்தைப் பிடிப்பவர்களின் மதிப்பு ஏறிற்று. பத்தாண்டுகளாக ஓட்டத்தையும் மோதலையும் நம்பி வளர்ந்த மேயோவின் ஆட்டமுறை இதற்கு ஈடு கொடுத்ததா என்று ஆதரவாளர்கள் கேட்டனர். சாபத்தின் இடத்தில் வளைகோடு வந்து அமர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. முன்பு யாரும் திருத்த முடியாத ஒன்றைப் பேசினார்கள், இப்போது பயிற்சியால் திருத்தக்கூடிய ஒன்றைப் பேசுகிறார்கள்.

இப்பேச்சு நிகழும் இடங்களும் அதன் தொனியைத் தீர்மானிக்கின்றன. திருப்பலி முடிந்த கோயில் வாசல், கால்நடைச் சந்தை, மதுக்கடை, பள்ளி வாசல் ஆகியவற்றோடு உள்ளூர் வானொலியும் சேரும். பாலிஹானிஸ் ஊரிலிருந்து ஒலிபரப்பாகும் மிட்வெஸ்ட் ரேடியோ மேயோ அணியின் ஆட்டங்களை வருணிக்கிறது; அன்றாடம் மாவட்டத்தின் இறப்பு அறிவிப்புகளை வாசிப்பதும் அதே வானொலிதான். யார் வீட்டில் துக்கம், எங்கே அடக்கம் என்று கேட்டறியும் அதே காதுகள் அணியின் தோல்வியையும் கேட்கின்றன. எனவே தோல்விக்குப் பின் வரும் உரையாடலில் துக்கம் விசாரிக்கும் முறைமை இயல்பாகவே படிந்திருக்கிறது: முதலில் ஒன்றும் சொல்லாமல் தலையசைப்பது, பிறகு போனவரின் நல்ல நாட்களை நினைவுகூர்வது, கடைசியாக, குரலைத் தாழ்த்தி, எங்கே தவறிற்று என்று பேசுவது.

2022 முதல் நடைமுறைக்கு வந்த பிரிந்த பருவ முறை இந்தத் துக்கத்தின் காலத்தையும் சுருக்கியிருக்கிறது. மாவட்ட அணிகளின் ஆட்டம் ஜூலையோடு முடிந்து, ஆண்டின் எஞ்சிய பகுதி கழகங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. ஹைட் பார்க்கில் ஒன்றாகத் தோற்றவர்கள் சில வாரங்களிலேயே தத்தம் பங்கின் சட்டையை அணிந்து எதிரெதிரே நின்றார்கள். பாலினாக்காரர்களும் வெஸ்ட்போர்ட்டுக்காரர்களும் ஜூனில் பகிர்ந்துகொண்ட துயரத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் வெல்லப் புறப்பட்டார்கள். மாவட்டத்தின் தோல்வியைப் பேசி முடிக்கும் முன்பே பங்கின் நம்பிக்கை தொடங்கிவிடுவது, இந்த அமைப்பு தன் மக்களுக்குத் தரும் ஆறுதல்களில் ஒன்று.

ஆகஸ்டில் புதிய மேலாளராக ஆண்டி மோரன் அறிவிக்கப்பட்டார். எல்லைக்கோடு ரோஸ்காமனில் வைத்தும் மேயோவிலேயே ஆடிவரும் பாலஹடரீன் கழகத்தின் மகன் அவர். 2013 இறுதிப் போட்டியில் மேயோவின் தலைவராக ஆடி, அணியின் ஒரே கோலையும் போட்டு, ஒரு புள்ளியில் தோற்றவர். 2017இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றதும் இறுதியில் ஒரு புள்ளியில் தோற்ற ஆண்டிலேயே. ஆதரவாளர்கள் அவரிடம் கேட்டவை நீண்ட உதை அடிப்பவர்களை எங்கே தேடப் போகிறார், கோல்காப்பாளரின் உதையை நடுமைதானத்தில் யார் பிடிக்கப் போகிறார்கள், இருபது வயது நிரம்பாத எவரையேனும் அடுத்த ஜனவரி லீக்கில் இறக்குவாரா என்பனவே. ஃபாக்ஸ்ஃபோர்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.